குவென்காவில் விழுந்த குஞ்சு

எனக்கு எளிதில் அருவருப்பு வராது. தென் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் எண்டோஸ்கோப்பிப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். மனிதரின் வாய் வழியாகவும் மற்ற வழியாகவும் கமெரா விட்டு உள்ளே பார்க்கிற இடம் அது. அங்கே நான் துடைப்பதையும் கழுவுவதையும் சாப்பாட்டு மேசையில் சொன்னால் ஒருவரும் சாப்பிடமாட்டார்கள். நான் சாப்பிடுவேன். வேலை முடிந்து ட்ரெயினில் வரும்போதே பையைத் திறந்து சம்பல் பாண் தின்கிறவள் நான்.

அப்படிப்பட்ட எனக்கு என் அத்தானின் குரல் கேட்டால் இப்போது வயிற்றைப் புரட்டுகிறது. அத்தான் என்றால் அக்காவின் கணவர். நல்ல கணீரென்ற குரல். மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அவர்கள் எட்மண்டனில், நாங்கள் கோலியர்ஸ் வுட்டில். லண்டனின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் இடையில் உள்ள தூரம் உறவுக்கு நல்லது என்று என் கணவர் சொல்லுவார். கல்யாண வீடு, செத்த வீடு, மாதத்தில் ஒரு ஞாயிறு நடக்கும் தமிழ்ப் பூசை, இவற்றில் சந்திப்போம். போதுமாக இருந்தது. பிறகு அத்தானுக்கு இதயத்தில் அடைப்பு வந்தது. சத்திர சிகிச்சை முடிந்ததும் டாக்டர் நன்றாக நடக்கச் சொன்னார். அவரும் நடந்தார். முதலில் வீட்டைச் சுற்றி, பிறகு எப்பிங் காட்டில், பிறகு பங்கு மக்களில் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமைகளில் சர்ரே மலைப் பக்கம். கொழுப்பு இறங்கியது, தொப்பை கரைந்தது. அக்கா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் தடியில் தொலைபேசியைச் செருகி வீடியோ எடுக்கத் தொடங்கினார். பிறகு தலையில் கட்டுகிற கமெரா வந்தது. பிறகு ட்ரோன். இணையத்தில் ஒரு சானல் திறந்தார். ஒவ்வொரு வீடியோவும் அந்தக் கணீர்க் குரலில் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: “இயற்கையை நேசிக்கும் என் இனிய உறவுகளே, வணக்கம்.”

நானும் கணவரும் அந்த நடைகளுக்கு இரண்டு மூன்று முறை போனோம். ஒரு முறை மலை உச்சியில் ஓக் மரத்தின் கீழே எல்லோரும் இருந்து இடியப்பமும் கோழிக்கறியும் சாப்பிட்டார்கள். எழும்பிப் போகும்போது கறி வழிந்த அலுமினியத் தாள்கள், எலும்புகள், பிளாஸ்டிக் கோப்பைகள், மூக்கைத் துடைத்த டிஷூக்கள் எல்லாம் அப்படியே கிடந்தன. ஒரு நாய் வந்து எலும்பைக் கவ்வ, நாயோடு வந்த வெள்ளைக்கார அம்மா அதன் வாயைப் பிளந்து எலும்பை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். நான் திரும்பிப் போய் ஒரு பைக்குள் எல்லாவற்றையும் அள்ளினேன். அடுத்த கிழமை அத்தானின் வீடியோவில் நான் குனிந்து குப்பை அள்ளுவது வந்தது. “எங்கள் குழு போகிற இடமெல்லாம் இயற்கையைச் சுத்தம் செய்கிறது” என்று குரல் சொன்னது. கீழே கை கூப்பிய படங்கள் வரிசையாக.

“பாத்தீரே, எவ்வளவு சனம் லைக் பண்ணியிருக்கு” என்றார் கணவர். அவருக்கு அதில் பெருமைதான். அவர் மருந்துக் கடையில் வேலை செய்கிறவர். ஒருவரோடும் சண்டை கொளுவாத மனிதர்.

*

அக்காவுக்கு அறுபது வயது வந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று, போர்த்துக்கலில் இருக்கிற பாத்திமா மாதாவைப் பார்க்க வேண்டும். அத்தான் காது கொடுத்துக் கேட்ட மாதிரித்தான் இருந்தது. பிறகு டிக்கெட் போட்டுவிட்டு வந்து ஸ்பெயின் என்றார். குவென்கா என்று ஒரு பழைய ஊர். ஆறும் மலையும் பள்ளத்தாக்குமாக, ஆற்றுக்குள் இறங்கலாம், பாயலாம், பாறையில் தொங்கலாம்.

“பாத்திமா?” என்று அக்கா கேட்டாள்.

“அங்கையும் ஒரு பெரிய கோயில் இருக்கப்பா. மாதா எல்லா இடத்திலையும் ஒரே மாதாதானே” என்றார்.

அக்கா என்னை அழைத்தாள். “நீயும் அவரும் வாங்கோ. நான் தனிய என்ன செய்யிறது? எனக்கு ஆறு குளம் ஏலாது” என்றாள். அவளுக்காகத்தான் போனோம்.

மட்ரிட்டிலிருந்து ட்ரெயின் எடுத்து மே மாதக் கடைசியில் போய் இறங்கினோம். ஊரைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். இரண்டு ஆறுகள் அறுத்த இரண்டு பள்ளங்களுக்கு நடுவில் ஒரு நீளப் பாறை, அதன் முதுகில் ஊர். பாறையின் விளிம்புக்கு வெளியே மரத் தூண்களில் பலகணிகள் நீட்டிக்கொண்டிருக்க, பல நூறு வருடப் பழைய வீடுகள் அந்தரத்தில் தொங்குகின்றன. எங்கள் விடுதி பள்ளத்துக்கு மறுபக்கம் இருந்தது. ஊருக்குள் போவதற்கு ஒடுங்கலான ஓர் இரும்புப் பாலத்தைக் கடக்க வேண்டும். நடக்கும்போது பலகை அதிரும். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி வந்தாள். பின்னால் அத்தான், “கீழை பாருங்கோ, கீழை பாருங்கோ” என்று படம் எடுத்துக்கொண்டு வந்தார்.

முதல் நாள் காலையில் நான் தனியே ஆற்றங்கரையில் நடந்தேன். பொப்லர் மரங்களிலிருந்து பஞ்சு பறந்துகொண்டிருந்தது. தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி. மேலே மலை விளிம்பில் பெரிய பறவைகள் சிறகை அசைக்காமல் வட்டம் போட்டன. கழுகுகள், பிணந்தின்னிக் கழுகுகள். யாழ்ப்பாணத்தில் பருந்து பார்த்திருக்கிறேன், இதைப் பார்த்ததில்லை. கழுத்தைப் பின்னால் சாய்த்து நெடுநேரம் பார்த்தேன். அந்த ஒரு மணித்தியாலத்துக்காக நான் அந்தப் பயணத்தை இன்னும் முழுதாக வெறுக்கவில்லை.

அன்று பத்து மணிக்கு ஆற்றுக்குள் இறங்கும் வேலை. வழிகாட்டி ஓர் இளம் ஸ்பானியப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், அந்த ஊரிலேயே பிறந்தவள். நல்ல ஆங்கிலம் பேசினாள். தன் வான் வண்டியின் பின்கதவைத் திறந்து ஆளுக்கொரு வெட்சூட், உடம்போடு ஒட்டுகிற ரப்பர் உடுப்பு, தந்தாள். என்னுடையது இன்னும் ஈரமாக இருந்தது. உள்ளே காலை விடும்போதே பழைய மூத்திர வாடை குப்பென்று மேலே வந்தது. வேறு யாரோ முந்திய நாள் குளிரில் விட்டது. “கழுவுகிறோம், ஆனாலும் போகாது” என்று அவள் வெட்கத்தோடு சொன்னாள். நான் மாட்டினேன்.

அக்கா கரையில் இருப்பதாகத்தான் பேச்சு. அத்தான் விடவில்லை. “இவ்வளவு தூரம் வந்தது கரையிலை குந்தியிருக்கவோ? போடப்பா.” அக்காவுக்கு அந்த ரப்பர் உடுப்பு முதுகில் மூடவில்லை. நானும் வழிகாட்டியும் இரண்டு பக்கமும் இழுத்துச் சிப்பைப் பூட்டினோம். பிதுங்கிய சதையை அத்தானின் கமெரா கிட்டவந்து பார்த்தது. “இப்ப பார், சீல் மீன் மாதிரி இருக்கிறாய்” என்று சிரித்தார்.

பாறைகளுக்கு நடுவே தண்ணீரில் நடந்தோம். ஓரங்களில், மற்றக் குழுக்கள் நின்று இளைப்பாறும் இடங்களில், புதருக்குப் பின்னால் துடைத்தெறிந்த ஈரத்தாள்கள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. சில தண்ணீரில் வேரைப் பிடித்துக்கொண்டு ஆடின. மனிதர் எங்கே போனாலும் முதலில் செய்வது இதுதான் போலிருக்கிறது. வழிகாட்டி இடுப்பில் ஒரு பை கட்டியிருந்தாள். போகிற வழியில் கையுறை மாட்டி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

ஓர் இடத்தில் பாறை முடிந்து கீழே குளம். இரண்டு ஆள் உயரம் பாய வேண்டும். “பாய விருப்பமில்லாதவர்கள் இந்தப் பக்கத்தால் இறங்கி வரலாம்” என்று வழிகாட்டி ஒரு பாதையைக் காட்டினாள். நான் பாய்ந்தேன். கணவர் பாதையால் வந்தார். அத்தான் முன்னரே கீழே இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்று கமெராவை மேலே பிடித்தபடி, “பாய்! பாயப்பா! உறவுகளே, இப்ப என்ரை மனுசி பாயப்போறா!” என்று கத்தினார்.

அக்கா விளிம்பில் நின்று சிலுவை அடையாளம் போட்டாள். அப்படியே பாறையில் குந்திவிட்டாள். குந்தியபடி அழுதாள், சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கு வடிய வடிய. “என்னாலை ஏலாதப்பா. நான் அங்காலை வாறன்.”

“படம் ஓடுது, பழுதாக்காதை!”

“அத்தான், அவவை விடுங்கோ” என்றேன்.

“மச்சாள், நீர் சும்மா இரும். இதுதான் சனத்துக்குப் பிடிக்கும்.”

அக்கா பாயவில்லை, எழும்பப் போய் வழுக்கி விழுந்தாள். தண்ணீருக்குள் போய் மூச்சுத் திணறி மேலே வந்து, இருமி, குடித்த தண்ணீரோடு காலையில் சாப்பிட்ட பாணையும் சத்தி எடுத்தாள். வழிகாட்டி நீந்திப் போய் அவளைப் பிடித்தாள். நானும் போனேன். அத்தானும் வந்தார், கமெராவோடு. அக்காவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தார். வழிகாட்டி கையால் மறைத்து, “அதை நிறுத்துங்கள்” என்றாள்.

அத்தான் சிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: “பரவாயில்லை, அவள் என் மனைவிதான்.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அக்காவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

*

மறுநாள் ஆறு இல்லை, நடை மட்டும். கழுகுகள் கூடு கட்டுகிற மலைச்சரிவுக்குக் கீழே ஒரு பாதை. அக்கா சப்பாத்துக் கயிறு கட்டும்போது, “இண்டைக்குத் தண்ணி இல்லைத்தானே?” என்று இரண்டு தரம் கேட்டாள்.

நடக்கத் தொடங்குவதற்கு முன்பே வழிகாட்டி அத்தானின் பையைப் பார்த்துவிட்டாள். “ட்ரோன் இங்கே தடை. இது குஞ்சுகள் கூட்டில் இருக்கிற காலம். ஒரு சோடிக்கு வருடத்துக்கு ஒரு குஞ்சுதான்” என்று நிதானமாக, கோபமில்லாமல் சொன்னாள். அத்தான் நெஞ்சில் கை வைத்து, “நான் இயற்கையை நேசிக்கிறவன்” என்றார்.

எங்களுக்கு முன்னால் மாணவர்கள் போல ஐந்தாறு பையன்களும் பெட்டைகளும் சிரித்துக்கொண்டு போனார்கள். பிறகு வளைவில் மறைந்தார்கள். பாறை இடுக்குகளில் வெள்ளையாக எச்சம் வடிந்த இடங்களையெல்லாம் வழிகாட்டி காட்டினாள். அவைதான் கூடுகள். தொலைநோக்கியை அக்காவிடம் தந்தாள். ஒரு கூடு அவ்வளவு உயரத்தில் இல்லை. அக்கா, “ஐயோ, தலையை ஆட்டுது, சின்னன்” என்று முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எடுக்க அத்தான் அங்கே இல்லை. மூத்திரம் பெய்துவிட்டு வருவதாகப் பின்னால் நின்றுவிட்டார்.

அப்போது தேனீக் கூட்டம் மாதிரி ஓர் இரைச்சல் கேட்டது. எங்கள் தலைக்கு மேலால் ட்ரோன் போனது. நேரே அந்த இடுக்கைப் பார்த்துப் போனது. வழிகாட்டி ஸ்பானிய மொழியில் ஏதோ அலறினாள். தாய்க் கழுகு, தாயோ தகப்பனோ தெரியாது, பாய்போல இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு எகிறி வெளியே வந்தது. அந்தச் சிறகடியில் குஞ்சு விளிம்புக்கு வந்தது. ட்ரோன் ஒரு பக்கத்தால் இன்னும் கிட்டப் போனது. குஞ்சு மற்றப் பக்கம் விலகியது. அங்கே நிலம் இருக்கவில்லை.

பாறையில் ஒருமுறை பட்டு, சரிவில் உருண்டு, ஒரு முட்புதரில் வந்து சிக்கியது.

நானும் அவளும் ஓடினோம். குஞ்சு என்றால் கோழிக்குஞ்சு இல்லை, ஒரு வான்கோழி அளவு, சாம்பல் பஞ்சும் புது இறகுமாக. ஒரு சிறகு தவறான பக்கம் மடிந்து கிடந்தது. அவள் தன் ஜாக்கெட்டைக் கழற்றித் தலையை மூடினாள். “கால்களைப் பிடி, மெதுவாக, உடம்போடு சேர்த்து” என்றாள். மடியில் வைத்துப் பிடித்தேன். பிடித்த உடனே அது சத்தி எடுத்தது. பயந்தால் அவை அப்படிச் செய்யுமாம், எதிரியை விரட்ட. என் கை, மடி, சப்பாத்து எல்லாம் அழுகிய ஆட்டு இறைச்சிக் கூழ். வெடுக்கு என்று சொன்னால் போதாது. வெயிலில் கிடந்து ஊதி வெடித்த பிரேதத்தின் நாற்றம். என் கணவர் தூரத்தில் நின்று மூக்கைப் பொத்தினார். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. உள்ளங்கையின் கீழே அதன் இதயம் அடித்த வேகந்தான் எனக்குத் தெரிந்தது.

பின்னால் அந்தக் குரல் வந்தது.

“இனிய உறவுகளே, இங்கே பாருங்கள், காயப்பட்ட ஒரு கழுகுக் குஞ்சை...” பேச்சுவழக்கு இல்லை, மேடைத் தமிழ். குரலைத் தழுதழுக்கவும் வைத்தார். கமெராவின் சிவப்பு விளக்கு என் மடிக்கு நேரே எரிந்தது. அப்போதுதான் எனக்கு ஓங்காளம் வந்தது. தலையைத் திருப்பி மண்ணில் சத்தி எடுத்தேன்.

“மச்சாளுக்கு மணம் ஒத்துக்கொள்ளேல்லை” என்று அத்தான் வீடியோவுக்குச் சொன்னார்.

வழிகாட்டி தொலைபேசியில் கூப்பிட, பச்சை உடுப்புப் போட்ட வனக் காவலர்கள் இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். குஞ்சை ஒரு பெட்டிக்குள் வைத்தார்கள். பிறகு ஒருவர் எங்களைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: ட்ரோன் யாருடையது?

அத்தான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. “முன்னால் போன மாணவர்கள். நான் கண்ணால் கண்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இயற்கையைப் பற்றி என்ன தெரியும்?” என்றார். மற்றக் காவலர் அந்தப் பிள்ளைகள் போன திசையைப் பார்த்தார். வழிகாட்டி, “இவரிடம் ஒன்று இருந்தது” என்றாள். அத்தான் தன் பையை அகலத் திறந்து காட்டினார். உள்ளே தண்ணீர்ப் போத்தலும் துவாயும்.

“மற்றப் பைகளையும் பார்க்கலாமா?” என்றார் காவலர்.

அக்காவின் முதுகுப் பைக்குள் அவளுடைய கம்பளிச் சட்டையால் சுற்றியபடி ட்ரோன் இருந்தது. நாங்கள் குஞ்சோடு இருந்த நேரத்தில், அவள் கழற்றி வைத்திருந்த பைக்குள் அத்தான் செருகியிருக்கிறார். அக்காவுக்கு அது தெரியாது என்பதை அவள் முகத்தைப் பார்த்த எவரும் சொல்லியிருப்பார்கள். சட்டையின் கைக்குள்ளிருந்து அது வெளியே வர வர அவள் வாய் திறந்தபடி பார்த்தாள்.

“இது உங்களுடையதா?” காவலர் அவளிடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் மலையைப் பார்த்தார். என் கணவர் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

“யெஸ்” என்றாள் அக்கா.

நாற்பது வருடமாக எல்லாவற்றுக்கும் அவள் சொல்லுகிற ‘ஓம்’தான் அது, ஆங்கிலத்தில். எனக்கு அத்தானில் மட்டும் அல்ல, அங்கே நின்ற எங்கள் நாலு பேரிலும் அருவருப்பு வந்தது. உடுப்பில் நாறிக்கொண்டிருந்த அந்தக் கூழைவிட நாங்கள் நாறினோம்.

“இல்லை” என்றேன். “இது அவருடையது. அவர்தான் பறக்கவிட்டார். அவர்தான் இவளுடைய பைக்குள் வைத்தார்.”

*

அபராதம் எழுதினார்கள், ட்ரோனைக் கொண்டுபோனார்கள். ஆனால் அதற்குள் இருந்த சின்ன மெமரி கார்டை அவர் முதலே எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டிருந்தார். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

விடுதியில் நான் குளித்துவிட்டு வந்தபோது அக்கா வாசலில் நின்றாள். என்னைத் தேற்ற வந்தாள் என்று நினைத்தேன்.

“அந்நிய தேசத்திலை, வெள்ளைக்காரனுக்கு முன்னாலை, என்ரை புருசனைக் காட்டிக் குடுத்திட்டாய்” என்றாள்.

“அக்கா, உன்னை மாட்டிவிட்டவர் அவர்.”

“அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியே? நான் பாத்துக்கொள்ளுவன்தானே. நீ ஏன் வாய் வைச்சனி?”

கணவரும் அதையே வேறு மாதிரிச் சொன்னார். “குடும்பத்துக்குள்ளை இருக்க வேண்டிய விசயம். அவர் இருதய வருத்தக்காரன்.”

“உங்களுக்கு அருவருப்பா, அரியண்டமா இல்லையே?” என்று கேட்டேன்.

“இருக்கு. அதுக்கு என்ன செய்யிறது?”

திரும்பி வரும்போது ட்ரெயினிலும் விமானத்திலும் அத்தான் என்னோடு கதைக்கவில்லை. விமானத்தில் கொடுத்த சான்ட்விச்சில் இருந்த ஹாமை மட்டும் எடுத்துத் தின்றுவிட்டுப் பாணை இருக்கைப் பைக்குள் செருகினார். இதெல்லாம் எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒருவரில் அருவருப்பு வந்துவிட்டால் அவர் சாப்பிடுவதையும் கண் தேடிப் பார்க்கிறது.

இலையுதிர் காலத்தில் தமிழ்ப் பங்கின் ஆண்டு ஒன்றுகூடல் நடந்தது. மண்டபம் நிறைந்த சனம், பின்னால் மேசையில் றோல்சும் பற்றீசும். நிகழ்ச்சிகளுக்கு நடுவில் அத்தானின் ஸ்பெயின் வீடியோ என்று அறிவித்தார்கள். அக்கா முன்வரிசையில், நான் அவளுக்குப் பின்னால்.

தொங்கும் வீடுகள் வந்தன. இரும்புப் பாலம் வந்தது. பிறகு ட்ரோன் எடுத்த படம்: பாறை இடுக்கு நெருங்கி நெருங்கி வர, குஞ்சின் கண் திரை முழுதும். சனம், “ஆஹா” என்றது. குரல் சொன்னது, யாரோ பொறுப்பில்லாதவர்கள் பறக்கவிட்ட இன்னொரு ட்ரோனால் குஞ்சு விழுந்ததாம், எங்கள் குழு ஓடிப்போய்க் காப்பாற்றியதாம். திரையில் என் கைகள். கழுகின் வாந்தி வழியும் என் கைகளை மெதுவாக ஓடவிட்டுப் பின்னால் வயலின் இசை போட்டிருந்தார். கைதட்டினார்கள். யாரோ என் தோளைத் தட்டி, “கடவுளுடைய வேலை செய்தனீங்கள்” என்றார்கள். எனக்கு என் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. கடைசியில் “சிரிக்க ஒரு துளி” என்று எழுத்து வந்து, அக்கா. ரப்பர் உடுப்பில் பிதுங்கும் முதுகு. பாறையில் குந்தி அழும் முகம். அதற்கு ஒரு தவளைச் சத்தம் போட்டிருந்தார். அவள் வழுக்கி விழ, விசில். அவள் சத்தி எடுப்பதை மூன்று முறை முன்னும் பின்னுமாக ஓடவிட்டிருந்தார், தாளத்துக்கு. மண்டபம் வெடித்துச் சிரித்தது. பிள்ளைகள் கதிரையில் ஏறி நின்று சிரித்தார்கள். பாதரும் சிரித்துவிட்டு, பிறகு வாயைப் பொத்தினார்.

அக்கா எழும்பினாள். சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, நடுவில் புரொஜெக்டர் இருந்த மேசைக்கு நடந்தாள். வயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது. யாரோ விளக்கைப் போட்டார்கள்.

“காணும், நிப்பாட்டுங்கோ” என்றாள்.

“என்னப்பா, பகிடிக்குத்தானே” என்று அத்தான் மைக்கில் சிரித்தார்.

அக்காவிடம் மைக் இல்லை. ஆனால் சத்தம் அடங்கியிருந்ததால் கடைசி வரிசைக்கும் கேட்டது. “அந்தக் குஞ்சை விழுத்தினது வேறை ஆக்கள் இல்லை. இவர். ட்ரோனை எனக்குத் தெரியாமல் என்ரை பையுக்குள்ளை ஒளிச்சதும் இவர். நான் என்ரையெண்டு பொய் சொன்னனான். என்ரை தங்கச்சிதான் உண்மையைச் சொன்னவள்.”

எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் தன் சிநேகிதியிடம் மெல்லச் சொன்னாள்: “வீட்டிலை கதைக்கிறதை மண்டபத்திலை கதைக்கிறதே? பாவம் அந்த மனுசன், இருதய வருத்தமும்.” பின்னால் றோல்ஸ் மேசையை நோக்கிச் சனம் எழும்பத் தொடங்கியது. சூடு ஆற முதல் எடுக்க வேண்டுமே. வரிசையில் நின்று வாய் நிறைய அசைபோட்டபடி எங்களைப் பார்த்தார்கள்.

என் கணவர்தான் முதலில் அக்காவிடம் போனார். அவளுடைய கைப்பையை எடுத்துக்கொண்டு, “வாங்கோ மச்சாள், கார் வெளியிலை நிக்குது” என்றார். அவர் அப்படிச் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அக்கா எங்கள் வீட்டில் டிசம்பர் நத்தார்ப் பண்டிகை வரைக்கும் இருந்தாள். முதல் கிழமை என் சமையலறை அலுமாரிகளையெல்லாம் சோடா போட்டுக் கழுவினாள். ஒரு நாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, “சத்தி எடுக்கிறதை ஏனடி மூண்டு தரம் போட்டவர்?” என்று கேட்டாள். நான் அடுத்த தட்டை அவளிடம் நீட்டினேன்.

அந்த வழிகாட்டிப் பெண்ணுக்கு நான் எழுதிக் கேட்டேன். குஞ்சு உயிரோடிருக்கிறது, ஆனால் சிறகு நேராகப் பொருந்தவில்லை, இனி ஒரு நாளும் பறக்காது, பறவைக் காப்பகத்தில் வைத்திருப்பார்கள் என்று பதில் போட்டாள். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். “சாப்பிடுதோ?” என்று மட்டும் கேட்டாள். சாப்பிடுகிறதாம் என்றேன்.

நத்தாருக்குப் பிறகு அவள் எட்மண்டனுக்குத் திரும்பினாள். “அது என்ரை வீடு. நான் ஏன் விட்டுட்டு வரவேணும்?” என்றாள். தனி அறையில் படுக்கிறாளாம். பாத்திமாவுக்குப் பெண்கள் குழுவோடு தன் பாட்டில் போய்வந்தாள். அத்தானின் சானலில் அக்கா அழும் துண்டு இப்போது இல்லை. குஞ்சின் வீடியோ இருக்கிறது, என் கைகளோடு, வயலினோடு. எடுக்கச் சொல்லிப் பல தடவை எழுதினேன். சனம் இன்னும் கை கூப்பிய படங்கள் போடுகிறது.

சென்ற மாதத் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசித்தவர் அவர்தான். கணீரென்று வாசித்தார். “ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள்” என்று பாதர் சொன்னபோது அவர் முன்வரிசையிலிருந்து திரும்பி, எல்லோரும் பார்க்க, எனக்குக் கையை நீட்டினார். அக்கா திரும்பவில்லை, பீடத்தைப் பார்த்தபடி நின்றாள். நான் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் கையை அப்படியே பிடித்திருந்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவருக்கு அதைக் கொடுத்தார். அந்த மனிதர் இரண்டு கைகளாலும் அதைப் பற்றி, “சமாதானம் அண்ணை, சமாதானம்” என்று குலுக்கினார்.